மூணு-ஏ மாடிக்கு வைத்த பத்திரிகை

என் வாய் சும்மா இருந்ததே இல்லை. ரோட்டில் வண்டியை நிறுத்தி வழி கேட்பவனைக்கூட, "நம்ம வூட்டுக்கு ஒரு நாள் வாங்க" என்று சொல்லித்தான் அனுப்புவேன். என் வீட்டுக்காரி அம்பிகா இதைச் சொல்லியே மானத்தை வாங்குவாள். "இந்த மனுசன் சிமெண்ட் லாரியக்கூட நிறுத்தி, காப்பி குடிச்சிட்டுப் போன்னு கூப்பிடுவாரு" என்பாள். எங்கள் பக்கம் எல்லாருமே அப்படித்தான். கூப்பிட்டவனும் மறந்துவிடுவான், கேட்டவனும் மறந்துவிடுவான். யாரும் வரப்போவதில்லை என்கிற தைரியத்தில்தானே கூப்பிடுகிறோம்.

கோலாலம்பூரில் ஒருத்தி மறக்கவில்லை.

என் பெயர் செல்லப்பன். பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டி வைத்திருக்கிறேன். போன வைகாசியில், என் ஒரே மகள் சிவரஞ்சனியின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மலேசியாவிலிருந்து போன் வந்தது. அங்கே என் சரக்கை வாங்கும் ராஜராஜன். கன்டெய்னரில் போன வெங்காயம் வேர்த்து முளைவிட்டுவிட்டதாம். "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார். கல்யாண வீட்டைப் போட்டுவிட்டு எவன் விமானம் ஏறுவான்? ஆனால் அந்த மனுஷர் கைவிட்டால் அடுத்த பட்டத்து வெங்காயத்தை யார் தலையில் கட்டுவது? மூன்றே நாள்தான் என்று சொல்லிக் கிளம்பினேன்.

அம்பிகா நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை ஆறு எடுத்துப் பையில் வைத்தாள்.

"ராஜராஜன் வூட்டுக்கும் அவங்க ஆளுங்களுக்கும் வைங்க. வெத்தல பாக்கு வச்சு, ரெண்டு கையால குடுக்கணும். சும்மா நோட்டீஸ் மாதிரி நீட்டிட்டு வந்துடாதீங்க."

அதற்கு முன் நான் கடல் தாண்டியதில்லை. திருச்சியில் ஏறி நாலு மணி நேரத்தில் அங்கே இறங்கியதும் எனக்கு வந்தது ஏமாற்றம்தான். வெளிநாடு என்றால் குளிரும் என்று ஸ்வெட்டர் வேறு எடுத்துப் போயிருந்தேன். பெரம்பலூர் வெயிலேதான் அங்கேயும். வியர்வை மட்டும் காயவே மாட்டேன் என்றது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகிற ஒரு மணி நேரமும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. வரிசை வரிசையாக, உள்ளே இருட்டாக. ஒரு மனுஷன் தலை தென்படவில்லை. அத்தனை கார் ஓடியும் ஒருத்தன் ஹாரன் அடிக்கவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது. சத்தமே இல்லாமல் வண்டிகள் பக்கத்தில் வந்து வந்து போயின.

ஊருக்குள் கட்டடங்கள் கழுத்து வலிக்கிற உயரம். டிரைவரே இல்லாத ரயில் ஒன்றில் ராஜராஜன் என்னை ஏற்றினார். வண்டி முகப்பில் போய் நின்று பார்த்தேன், ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை, ஆனால் அது பாட்டுக்கு நின்று நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. ஜோடிக் கோபுரத்தின் கீழே நின்று அம்பிகாவுக்கு போட்டோ அனுப்பினேன். 'மொதல்ல சட்டை பட்டனப் போடுங்க' என்று பதில் வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்கிற இடத்தில் எனக்கு ரூம். அங்கே போனதும்தான் மூச்சு வந்தது. பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, தமிழ்ப் பாட்டு. காலையில் பார்த்தவர்கள் எல்லாம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நம்ம ஊர் மாதிரியே இருந்தது. ஆனால் எங்கேயோ ஒரு இடத்தில் இடித்தது. அது எங்கே என்று எனக்குக் கடைசி வரை சொல்லத் தெரியவில்லை.

சந்துக்குள் இருந்தது அந்தப் பழைய ஹோட்டல். லிஃப்ட்டில் ஏறியதும் பொத்தான்களைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். 1, 2, 3, 3ஏ, 5. நாலு என்கிற எண்ணே இல்லை.

"சீனவங்களுக்கு நாலுன்னா சாவு நம்பர்ண்ணே" என்றார் ராஜராஜன். "அதனால எழுதமாட்டாங்க."

"எழுதலன்னா மாடி இல்லாமப் போயிடுமா?" என்றேன் நான். என் வாய்.

என் ரூம் ஐந்தாவது மாடியில். முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்தது. எங்களுக்கு மழை என்றால் மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்து, கும்பிட்டுக் கேட்டு வாங்கும் பொருள். அங்கே ஆபீசுக்கு வருகிற மாதிரி மணி பார்த்து வருகிறது. நனைந்தபடி ஓடிப்போய் லிஃப்ட்டில் ஏறி ஐந்தை அழுத்தினேன்.

லிஃப்ட் மூணு-ஏ மாடியில் நின்றது.

கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. விளக்கில்லாத நடை. சுவரோரம் சுருட்டி வைத்த மெத்தைகள். லிஃப்ட் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரே ஒரு மர நாற்காலி. ஒரு புளித்த வாசனை வந்தது, பால் திரிந்து நாளான மாதிரி. கதவு சாவகாசமாக மூடிக்கொண்டது. பழைய லிஃப்ட், தானாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுக்க கிடங்கில் வெங்காயத்தோடு போராட்டம். ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து, வெங்காயத்தின் கழுத்தை அழுத்திப் பார்த்து, கெட்டதைத் தள்ளி, ராஜராஜனைச் சமாதானம் செய்தேன். மதியம் அவர் வீட்டுக்கும் அவருடைய ஆட்கள் நாலு பேருக்கும் வெற்றிலை பாக்கு வாங்கி முறையாகப் பத்திரிகை வைத்தேன். ஒன்று மிச்சம். அதோடு ஒரு கொத்து வெற்றிலையும் பாக்கும் பையில் இருந்தன.

நாலு மணி. மழை. லிஃப்ட்.

மூணு-ஏ மாடியில் நின்றது.

நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது வயது இருக்கும். இரண்டு பக்கமும் மூக்குத்தி. பழைய நூல் புடவை. தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் என்னையே பார்த்தாள். ஒரு மனுஷி நம்மைப் பார்த்தால் பேசாமல் நிற்க எனக்குத் தெரியாது.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"எந்தூருங்க?" என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாளாக வேறு மாதிரித் தமிழைக் கேட்டுக் கேட்டுக் காது களைத்திருந்தது. இது நம்ம மண்ணின் பேச்சு. "பெரம்பலூருங்கம்மா. நீங்க?"

"நமக்கு ஒடையார்பாளையத்துக்குக் கெழக்கங்க. வீராயி எம்பேரு."

"அட, சம்பந்தக்காரங்க ஊருப் பக்கம்! எம் பொண்ண அரியலூர்லதான் குடுக்கிறேன்." ஒரு காலை வெளியே வைத்துக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டேன். "மழையில மாட்டிக்கிட்டீங்களா? தல இப்படி நனைஞ்சிருக்கே."

"அது எப்பவும் இப்படித்தாங்க. காயறதே இல்ல."

"ஊருக்குப் போயி ரொம்ப நாளாச்சுங்களா?"

அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். "யாரும் கூப்பிடலீங்களே. கூப்பிடாம எப்படிங்க போறது?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பிழைக்க வந்த இடத்தில் ஏதோ ஒரு ஹோட்டலில் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட அழைக்க ஆளில்லாமல் ஒரு பொம்பளை. பையைத் திறந்தேன். பத்திரிகையின் மேல் வெற்றிலை பாக்கை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"நான் கூப்பிடுறேம்மா. எம் பொண்ணு கல்யாணம். அவசியம் வந்துடணும்."

அவள் எழுந்தாள். முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். எழுத்தைப் பார்க்கவில்லை. மஞ்சளைத்தான் தடவிப் பார்த்தாள்.

"பொண்ணு பேரு?"

"சிவரஞ்சனி."

"சிவரஞ்சனி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "சிவரஞ்சனி."

பிறகு இருட்டான நடையைத் திரும்பிப் பார்த்தாள். "நான் மட்டுமாங்க? உள்ள இன்னும் நாலு பேரு இருக்காங்க."

"ஒருத்தரையும் விட்டுடாதீங்க. குடும்பத்தோட வாங்க."

"வந்து கை நனைச்சிட்டா, நாங்களும் பொண்ண விருந்துக்கு அழைக்கணுமே. அனுப்புவீங்களா?"

கல்யாணத்தில் சாப்பிட்டுப் போன சொந்தம், பெண்ணையும் மாப்பிள்ளையையும் திருப்பி விருந்துக்கு அழைப்பது எங்கள் முறை. அழைத்தால் தட்டக் கூடாது. எத்தனை பேரிடம் வாய் கூசாமல் சொன்ன வார்த்தை அது.

"அதுக்கென்னம்மா. தாராளமா அனுப்புறேன்."

"வார்த்த மாறக் கூடாதுங்க."

"மாறுமா?"

கதவு மூடியது. ரூமுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் கவனித்தேன். முப்பது வருஷமாக என் கையை விட்டுப் போகாத வெங்காய வாசனை இல்லை. எந்த சோப்புக்கும் போகாதது. இப்போது கையில் அந்தப் புளித்த வாசனை.

மறுநாள் காலை கடையில் பசியாறும்போது கையை ராஜராஜனிடம் நீட்டினேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, "ரப்பர் பால் வாசனைண்ணே இது. பால்மரத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க மேல வரும். எங்க பாட்டன் மேல இருந்துச்சு. இப்ப ஏது இது உங்ககிட்ட?" என்றார்.

நான் மூணு-ஏ மாடியைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"அந்த மாடியில ஆளு இல்லண்ணே. லிஃப்ட் தானா நிக்கும். யாரும் இறங்கமாட்டாங்க, பேசமாட்டாங்க. கதவு மூடுற வரைக்கும் தலையக் குனிஞ்சுக்குவாங்க. பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு." குரலைத் தாழ்த்தினார். "பேசினதோட விட்டீங்களா?"

"பத்திரிகை வச்சேன்."

"வெத்தல பாக்கோடயா?"

தலையாட்டினேன்.

அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, பாட்டன் சொன்னது என்று ஒன்றைச் சொன்னார். ஹோட்டல் கட்டடம் வருவதற்கு முன் அங்கே தோட்டக் கூலிகளின் லயன் வீடுகள் இருந்தனவாம். தோட்டத்தில் காய்ச்சல் கண்டவர்களைக் கொண்டுவந்து போடுகிற இடம். ஒரு சாயங்கால மழையில் ஆறு ஏறி வந்துவிட்டது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்த ஒரு அறையில் ஐந்து பேர்.

ஹோட்டல் ஆளைக் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் படியேறிப் போய்ப் பார்த்தோம். மெத்தைகள் இருந்தன. நாற்காலி இருந்தது. நாற்காலிக்கு அடியில் ஈரம். பத்திரிகை இல்லை. நான் முட்டி போட்டுத் தரையெல்லாம் தேடினேன்.

"வேணாம்ண்ணே, வாங்க" என்று ராஜராஜன் என் தோளைப் பிடித்து இழுத்தார். விமான நிலையத்தில் விடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. நான் கல்யாணத்துக்கு வரலண்ணே."

திருச்சியிலிருந்து என்னை அழைத்து வந்தது எங்கள் தெரு வைரக்கண்ணுவின் கார். பாடாலூர் தாண்டும்போது இரண்டு தடவை நிறுத்தி இறங்கி டயரைப் பார்த்தான்.

"என்னடா?"

"காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. ஆனா அஞ்சாறு பேர ஏத்துன மாதிரி வண்டி இழுக்க மாட்டேங்குது."

நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்பிகாவிடமும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் எப்படிச் சொல்வது? மிச்சமிருந்த நாளெல்லாம் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பந்தக்கால் நடும்போதும், மாப்பிள்ளை அழைப்பின்போதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பொண்ணுக்குக் கல்யாணமா, இவருக்குக் கல்யாணமான்னு தெரியல, இப்படிப் பறக்கிறாரு" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அரியலூரில் மண்டபம். மாப்பிள்ளை கலையரசனுக்கு அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. தாலி கட்டினான். நல்லபடியாக முடிந்தது. யாரும் வரவில்லை. எனக்கு அப்போதுதான் பசியே எடுத்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஓரமாகப் போய் அழுதேன்.

பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரம் அம்பிகாவின் சத்தம் கேட்டது.

"எந்தப் பாவி பாத்த வேல இது? கல்யாண வூட்டுல எலைய இப்படியா மடிப்பாங்க?"

ஓடினேன். கடைசி வரிசையின் கோடியில் ஐந்து இலைகள். நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்பது. ஐந்தும் எதிர்ப்பக்கம் மடிந்திருந்தன. பிரித்துப் பார்த்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லை.

"யாருப்பா இங்க உக்காந்தது?"

"அஞ்சு பேரு சார்" என்றான் பரிமாறியவன். "குளிச்சிட்டு அப்படியே வந்த மாதிரி ஈரத் தலையோட இருந்தாங்க. சோத்தக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க."

நாற்காலிகளுக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. மண்டபத்தின் சாம்பார் வாசனை, சந்தன வாசனை எல்லாவற்றையும் மீறி அந்தப் புளித்த வாசனை.

அன்று அம்பிகாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "விருந்துக்கு அனுப்புறேன்னா சொன்னீங்க? எம் பொண்ணையா? இந்த வாய வச்சுக்கிட்டு என்னத்தச் சொல்ல!" ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். எங்கள் குலசாமிக்குக் காசு முடிந்துவைத்தாள். எந்தச் சாமியையும் விடவில்லை. நான் தினமும் நாலு மணிக்கு வாசலில் நின்று, கண்ணுக்குத் தெரியாத ஆளிடம் கெஞ்சினேன். "தெரியாமச் சொல்லிட்டேம்மா. பொண்ணு வேணாம். வேணும்னா நான் வரேன், என்னக் கூட்டிட்டுப் போ."

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது முறை. சிவரஞ்சனியை அழைத்து வந்தோம். வந்த மறுநாள் காலை, தோசை தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, சொல்ல மறந்துட்டேன். மண்டபத்துல ஒரு அம்மா வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, விருந்துக்கு வரணும்னு கூப்பிட்டாங்க. ரெண்டு பக்கமும் மூக்குத்தி. உங்களத் தெரியும்னாங்க."

அம்பிகா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நீ என்னம்மா சொன்ன?" என்றேன் நான்.

"வரேன்னு சொன்னேன். கூப்பிட்டா தட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"எப்பன்னு சொன்னாங்களா?"

"மொத மழைக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு அவங்களே வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். நம்மூர்ல மழை பேஞ்சாத்தானேன்னு சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க."

அன்றிலிருந்து நான் மண்டிக்குப் போகவில்லை. ஊரே வானத்தைப் பார்த்து ஒரு மழைக்கு ஏங்குகிறது, மானாவாரி விதைப்பு காத்திருக்கிறது. நான் ஒருத்தன் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டேன். விவசாயிகள் போட்ட சோற்றில் வளர்ந்த உடம்பு இது. அந்தப் பாவத்தையும் செய்தேன்.

போன வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மேற்கே கறுத்தது. கதவு, ஜன்னல், கொல்லைப்பக்கம் எல்லாம் தாழிட்டேன். சிவரஞ்சனியைக் கூடத்தில் நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கம் அம்பிகாவும் ஒரு பக்கம் நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டோம். "என்னப்பா ஆச்சு உங்களுக்கு?" என்று பயந்து கேட்டாள். கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வெளியே பிள்ளைகள் 'மழ, மழ' என்று கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம்.

ஓட்டின் மேல் முதல் சொட்டு விழுந்தது.

கதவு தட்டப்படவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் யாரோ பொறுமையாக நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. பின்னாலேயே அந்த வாசனை.

"செல்லப்பண்ணே" என்று ஒரு குரல், மெதுவாக. "வந்திருக்கேங்க. உள்ள கூப்பிட மாட்டீங்களா?"

கூப்பிடாமல் வரமாட்டாள். அது எனக்குத் தெரியும். வாழ்நாளில் முதல் தடவையாக என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அம்பிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

வாயைப் பொத்துவதற்காக மகளின் கையை விட்டிருந்தேன்.

"ஐயோ, யாரோ மழையில நிக்கிறாங்கப்பா" என்றாள் சிவரஞ்சனி. என் மகளாயிற்றே. நான் பாய்வதற்குள் சொல்லிவிட்டாள்.

"உள்ள வாங்கம்மா."

மின்சாரம் போனது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மழை நின்றபோது விளக்கு வந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வாசலில் யாரும் இல்லை. சிவரஞ்சனி அதே இடத்தில், நாற்காலியில், மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எங்கேயும் போகவில்லை. அம்பிகா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். நானும் அழுதுகொண்டே மகளின் தலையைத் தடவினேன்.

கை நனைந்தது.

"வூட்டுக்குள்ளதானே இருந்த? எப்படிம்மா தல நனைஞ்சுது?" துண்டை எடுத்துத் துவட்டத் துவட்ட, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தெரியாத வீட்டுக்கு வந்தவள் மாதிரி, மரியாதையாகச் சிரித்தாள்.

"அது எப்பவும் இப்படித்தாங்க" என்றாள். "காயறதே இல்ல."